நீங்கள் நடக்காத மூன்று மைல்

அன்பான அப்பா,

நீங்கள் போய் ஆறு வருடமாகிறது. இன்றுதான் உங்களிடம் கோபித்துக்கொள்ளத் தோன்றுகிறது. பயம் இன்னும் தீரவில்லை, அதனால்தான் கோபம்.

உங்கள் பேத்தி மதுவும் நில அளவை வேலைக்குத்தான் போயிருக்கிறாள். குஜராத்தில், கட்ச் கடற்கரையில், நீங்கள் இளவயதில் வரைபடம் எடுத்த அதே எல்லையோரம். பழைய வரைபடத்தோடு இன்றைய கரையை ஒப்பிடும் வேலை. திங்கட்கிழமை போன் செய்தாள்.

"அம்மா, அப்புச்சி போட்ட மேப்புதானுங்க என் கையில இருக்குது. அவரு கெட்டித்தரைன்னு காட்டியிருக்கற வழியிலதான் நாளைக்குக் காத்தால நடந்து போறோமுங்க."

அந்த வழியைப் பற்றித்தான் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்.

"அந்த மூணு மைலு நான் நடக்கவே இல்ல கண்ணு. கடல் ஏறிட்டு வந்துச்சு. கூட வந்தவரு இடுப்பு வரைக்கும் சேத்துல போயிட்டாரு. அவரை இழுத்துப்போட்டு ஓடியாந்துட்டோம். அப்பறம் தூரத்துல இருந்து பாத்து, கெட்டித்தரைன்னு வரைஞ்சுபோட்டேன். ஆருகிட்டயும் சொல்லீராத."

நான் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, திங்கட்கிழமையும் சொல்லவில்லை. "பாத்துப் போ அம்மணி" என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன். அவள் உங்களைப் பற்றி அத்தனை பெருமையாகப் பேசும்போது எப்படிச் சொல்வது?

மறுநாள் காலையில் கூப்பிட்டால் அவள் போன் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தேன். கடைசியில் அவர்கள் தங்கியிருக்கும் முகாமின் எண்ணுக்கு அடித்து, உங்களோடு ஊர் ஊராகப் போனபோது கற்ற அரைகுறை இந்தியில் எல்லாவற்றையும் கொட்டினேன். "மேப் தப்பு, எங்கப்பா அங்கே நடக்கலை" என்று. எடுத்தவர் ஒன்றும் கேட்காமல் வயர்லெஸ்ஸுக்கு ஓடினார். அதன்பின் ஒரு மணி நேரம் நான் சமையல்கட்டுத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மது கூப்பிட்டாள். முழங்கால் வரை புதைந்துவிட்டதாம், கயிறு போட்டு இழுத்தார்களாம்.

"நேத்தே ஏனுங்கம்மா சொல்லலை?"

ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்புச்சி அங்க நடக்கலைன்னு ரிப்போர்ட்டுல எழுதட்டுங்களா?" என்றாள்.

"எழுதிரு கண்ணு" என்றேன்.

கூட வந்தவரை விட்டுவிட்டு ஓடாத நீங்கள், பின்னால் வரப்போகிறவர்களை எப்படி அப்பா மறந்தீர்கள்? நானும்தானே மறந்தேன்.

அவளுக்கு அங்கே இன்னும் பத்து நாள் வேலை இருக்கிறது. தினமும் பயந்துகொண்டுதான் இருப்பேன். ஆனால் இனி யார் கேட்டாலும் மறைக்க மாட்டேன். எங்கப்பா பயந்தார் என்று சொல்வேன். ஒரு உயிரை இழுத்துக்கொண்டு வந்தார் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

உங்களை மாதிரியே பயந்துவிட்ட,
உங்கள் மகள்