உப்பு டப்பாவுக்கு அடியில் இருந்த தாள்

மார்ச் 3, திங்கள்

முதலில் மன்னிப்பு. யாரிடம் கேட்பது? இந்த நோட்டிடம்தான். கோடு போட்ட தாளிலேயே என் எழுத்து மேடும் பள்ளமுமாகப் போகிறது. 'ழ' போட்டு முடிப்பதற்குள் விரல் வலிக்கிறது. நாற்பது வருஷம் கூட்ட அரங்கத்தைப் பெருக்கிய கை. "பேனாவைத் துடைப்பம் மாதிரி பிடிக்காதீங்க பெரியவரே" என்று மாலை வகுப்பு டீச்சர் இன்றைக்கும் சொன்னார். வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வயது எழுபத்தொன்று.

"தினமும் ஏதாவது எழுதுங்க, தப்பா இருந்தாலும் பரவாயில்ல" என்று டீச்சர்தான் நோட்டைக் கொடுத்தார். இவ்வளவு எழுத ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் வாய் தானாகச் சிரிக்கிறது. என் பெண்டாட்டி இருந்திருந்தால், "யாருக்கு இந்தக் காதல் கடுதாசி?" என்று கேட்டிருப்பாள். அவள் போய் இரண்டு வருஷம்.

மார்ச் 5, புதன்

பஸ்ஸில் போகும்போது கடைப் பலகை ஒன்று விடாமல் வாய்விட்டுப் படித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

மச்சினன் சாப்பிட வந்தான். என் பெண்டாட்டிக்கு ஒரே தம்பி, பூட்டு சாவிக் கடை வைத்திருக்கிறான், வயது ஐம்பத்தெட்டு. அக்கா இருந்தபோது ஞாயிறு தவறாமல் வருவான். அவள் போன பிறகும் வருகிறான். இந்த மூன்று மாடி ஏறி என்னைப் பார்க்க வருகிற ஒரே ஆள்.

நோட்டைப் புரட்டிப் பார்த்தான். "மாமா, கோழி கிளறின மாதிரி இருக்கு."

"கோழிக்கு டீச்சர் கிடையாது மாப்பிள்ளை. எனக்கு இருக்கு."

சிரித்தான். பாதிச் சிரிப்பில் மூச்சு வாங்கியது. "ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல படியைக் கூட்டிட்டானுங்களா?" என்று கேட்டான். தோளை அழுத்திக்கொண்டே இருந்தான். அரம் போட்டுப் போட்டு வலிக்கிறதாம். வழக்கம்போலத் தானே எழுந்து, அலமாரியிலிருந்து உப்பு டப்பாவை எடுத்து, வேக வைத்த முட்டை மேல் மழை மாதிரி தூவினான். டப்பாவை அதே இடத்தில் வைத்தான். பிறகு பால்கனியில் நின்று இரண்டு சிகரெட்.

மார்ச் 12, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் சமையலறை அலமாரியைத் துடைத்தேன். டப்பாக்களை எல்லாம் இறக்கினேன். கீழே விரித்திருந்த தாளில் எழுத்து இருந்தது. இருக்கும் என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனால் இன்றைக்குத்தான் அது எழுத்தாகத் தெரிந்தது. ஆசையாக உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். எட்டு மாதப் படிப்பு ஆயிற்றே.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அரங்கத்தில் இருதய நோய்க் கூட்டம் ஒன்று நடந்தது. கொடுத்தது போக மீந்த நோட்டீஸ் ஒரு கட்டு, நாற்காலிகளுக்கு அடியில் கிடந்தது. வழவழப்பான கெட்டித் தாள். வீணாகக் குப்பையில் போட மனசு வரவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்தேன். அவள் தட்டுத் தட்டாக விரித்தாள். "சிவப்பா பாக்க லட்சணமாத்தான் இருக்கு" என்றாள்.

உப்பு டப்பா இருந்த இடத்தில் வட்டமாகக் கறை. வட்டத்துக்குள்ளே இருந்த வரிகளை விரல் வைத்துப் படித்தேன்.

'நெஞ்சு வலி மட்டுமல்ல. தாடை, தோள், முதுகு வலி, மூச்சு வாங்குதல், வியர்வை, காரணமில்லாத களைப்பு ஆகியவையும் இருதய நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். பெண்களுக்குக் குறிப்பாக.'

தாடை.

ஐயோ, பல்லுன்னுதானே நினைச்சோம். மாடி ஏறினா தாடை வலிக்குதுன்னு சொன்னா. உக்காந்தா சரியாயிடுதுன்னும் சொன்னா. நான்தான் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். மாடி ஏறும்போது வலிக்குதுங்கிறத அவர்கிட்ட அவளும் சொல்லல, நானும் சொல்லல. பல்லுக்கும் மாடிக்கும் என்ன சம்பந்தம்னு இருந்துட்டோம். சொத்தைப் பல் ஒண்ணு இருந்தது, அவர் அதைப் பிடுங்கினார். திரும்பி வரும்போது, "இனிமே உங்களைக் கடிக்க ஒரு பல்லு குறைச்சல்"ன்னு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா.

பதினோராம் நாள் போய்விட்டாள். இந்த அலமாரிக்கு முன்னால்தான் விழுந்தாள்.

மார்ச் 13, வியாழன்

படிக்கக் கற்றுக்கொள்ளாமலே இருந்திருக்கலாமோ?

மார்ச் 15, சனி

தாளை முழுதாகப் படித்துவிட்டேன். மூன்று நாள் ஆயிற்று. புகை. அதிக உப்பு. ரத்தக் கொதிப்பு. சர்க்கரை. உடன்பிறந்தவர்களுக்கு இருதய நோய். ஒவ்வொரு வரியிலும் மச்சினன் நிற்கிறான். மாடிப்படி, தோள் வலி — அரத்தால் வருகிற வலியா அது?

நாளைக்கு வருவான். சொல்ல வேண்டும். சொன்னால் தாள் எங்கே கிடைத்தது என்று கேட்பான். உன் அக்கா சாகும்வரை அவள் கண் முன்னாலேயே இருந்தது, நான்தான் கொண்டு வந்து போட்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு இந்தப் படி ஏறுவானா?

சொல்லாவிட்டால்? அவளையும் விட்டேன், அவள் தம்பியையும் விட்டேன் என்று ஆகும். அவன் வராமல் போனால் போகட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

சொன்னேன். முதலில் சிரித்தான். "நாலு எழுத்து படிச்சதும் டாக்டர் ஆயிட்டீங்களா மாமா? ஊசி எங்க?"

"விளையாடாத மாப்பிள்ளை. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ." தாளைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

முட்டையை மென்றுகொண்டே படித்தான். எனக்கு மூன்று நாள் ஆனது. அவனுக்கு ஒரு நிமிஷம். தாடை என்கிற இடம் வந்ததும் மெல்லுவது நின்றது. பல் பிடுங்கிய கதை அவனுக்கும் தெரியும். கறை வட்டத்தை விரலால் தடவினான்.

"இது எங்க இருந்துச்சு?"

அலமாரியைக் காட்டினேன். "ஆறு வருஷமா இருக்கு. நான்தான் கொண்டு வந்தேன். எங்க ரெண்டு பேருக்கும் படிக்கத் தெரியாதே மாப்பிள்ளை."

திட்டுவான் என்று குனிந்துகொண்டேன். அவன் திட்டவில்லை. உப்பு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குப் படிக்கத் தெரியுமே மாமா" என்றான். "வாராவாரம் எடுத்து எடுத்து அது மேலேயே வச்சேனே."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். தட்டில் அரை முட்டை.

மார்ச் 23, ஞாயிறு

இரண்டு முட்டை வேக வைத்தேன். வரவில்லை.

மார்ச் 27, வியாழன்

மச்சினனின் மனைவி வந்தாள். திங்களன்று கடையைப் பூட்டிவிட்டுத் தானே ஆஸ்பத்திரிக்குப் போனானாம். அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள். இருதயக் குழாய் ஒன்றில் முக்கால்வாசிக்கு மேல் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தாயிற்று. இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம்.

"நான் வந்து பாக்கட்டுமாம்மா?"

"இப்ப வேண்டாம்ண்ணே. யார்கூடவும் பேச மாட்டேங்கிறாரு. சுவத்தையே பாத்துட்டு இருக்காரு. 'அக்கா டப்பா, அக்கா டப்பா'ன்னு ரெண்டு தடவ சொன்னாரு. அது என்ன டப்பாண்ணே?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவள் போன பிறகு அலமாரியில் மிச்சமிருந்த தாள்களையெல்லாம் எடுத்தேன். வெறும் பலகை மேல் டப்பாக்களை வைத்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டானாம். போன் செய்தால் அவள்தான் எடுக்கிறாள். மாடி ஏறக் கூடாது என்பதால் வரவில்லை என்கிறாள். மாடியால் அல்ல என்று எனக்குத் தெரியும். திட்டியிருந்தாலும் பரவாயில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

அவள் மட்டும் வந்தாள். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. "நீங்களே படிச்சுப் பாக்கணுமாம். வேற ஒண்ணும் சொல்லல."

ரத்தக் கொதிப்பு 138/86. போன வாரம் 152/94. அதற்குக் கீழே மச்சினன் கையெழுத்தில் இரண்டு வரி. எனக்காகக் கொட்டை எழுத்தில், ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதியிருந்தான். 'சிகரெட் இல்லை. உப்பு பாதி.'

அவளை உட்காரச் சொல்லிவிட்டுச் சீட்டின் பின்பக்கம் எழுதினேன். அரை மணி நேரம் ஆனது. அவள் பொறுமையாக இருந்தாள். 'கொண்டு வந்தது நான். விரித்தது அவள். உன்மேல் தப்பில்லை. முட்டை உப்பில்லாமல் இருக்கும்.'

அவள் படிக்காமலே மடித்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை மறுபடி ரத்தக் கொதிப்பு பார்ப்பார்களாம். அடுத்த ஞாயிறு அவன் வந்தாலும் சரி, சீட்டு மட்டும் வந்தாலும் சரி, அந்த எண்ணை இங்கே எழுதி வைக்கிறேன்.