ஊருக்கு முன்னால் கேட்ட மன்னிப்பு

4 ஜூலை 1963, வியாழன். நெடுந்தீவு.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று. மூன்றாம் நாளாகப் படகு இல்லை. ஞாயிறு பிரசங்கம் எழுதி முடித்தாயிற்று, பதினொரு பக்கம். தலைப்பு: மனந்திரும்பாத ஜனம். நன்றாக வந்திருக்கிறது. பட்டணத்தில் என்றால் எழுந்து வந்து கைகுலுக்குவார்கள்.

இடமாற்றம் கேட்டுத் தலைமைப் போதகருக்குக் கடிதம். ஒட்டி வைத்திருக்கிறேன்.

வாங்க வேண்டியவை: விளக்குச் சிமிலி, சவர்க்காரம், ஊற்றுப்பேனை மை.

7 ஜூலை, ஞாயிறு

ஒன்பது பேர். மூவர் நித்திரை. ஐம்பது நிமிடம் பேசினேன்.

ஆராதனை முடிந்து, ஆலயம் கூட்டுகிற அன்னம்மாவிடம் கேட்டேன், சனம் ஏன் வருகிறதில்லை என்று. விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார்.

"கோவிக்கப்படாது ஐயா. நீங்கள் எங்களுக்காக ஜெபம் பண்ணேக்கை, எங்களைப் பற்றிக் கடவுளிட்டை முறைப்பாடு சொல்லுற மாதிரிக் கிடக்கு."

எனக்கா! இருபது வருட ஊழியம். மத்தியானம் சாப்பிடவில்லை. நேசத்திடம் சொன்னேன், என் பக்கம் பேசுவாள் என்று. சோற்றை மூடி வைத்தாள்.

"அவ சொன்னது பொய்யோ?"

என் மனைவியுமா.

9 ஜூலை, செவ்வாய்

பழைய பிரசங்கங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் "நீங்கள்", "நீங்கள்". "நாம்" என்று ஓர் இடம்கூட இல்லை.

செல்லத்துரையின் நினைவு வந்தது. கடற்தொழில்காரர். போன கார்த்திகையில், குடிக்கிறார் என்று, பிரசங்க மேடையில் பெயர் சொல்லி, "நீர் இந்தத் திருவிருந்து மேசைக்கு வரவேண்டாம்" என்றேன். அப்படியே எழுந்து போனார். பின்னால் அவருடைய சொந்தக்காரர் நாலு குடும்பமும். அவருடைய வள்ளம் பாறையில் அடித்து உடைந்த வாரம் அது. நேசம் சொல்லி அப்போதே தெரியும். போய் விசாரிக்கவில்லை. பாவத்தைக் கண்டித்தேன் என்று திருப்தியாக நித்திரை கொண்டேன்.

ஆலயத்தில் முழங்காலில் இருந்தேன். ஜெபிக்க வாய் வரவில்லை. எனக்கு, வார்த்தைகளுக்குப் பெயர்போன எனக்கு. அழுகை மட்டும். எழும்பியபோது உடம்பில் பாரம் இல்லை.

11 ஜூலை, வியாழன்

காற்று கொஞ்சம் தணிவு. படகு வந்தது. கடிதத்தைக் கொடுக்கவில்லை.

செல்லத்துரை வீட்டுக்கு நடந்தே போனேன். முருகைக்கல்லால் மதில் கட்டிக்கொண்டு நின்றார். திரும்பவில்லை.

"என்ன, சொல்ல இன்னும் மிச்சம் கிடக்கோ?"

"பிழை என்னிலை. நீங்கள் என்னை மன்னிக்க வேணும்."

"நீங்கள்" தானாகவே வந்தது. இவ்வளவு நாளும் அவரை ஒரு படி குறைத்து "நீர்" என்றே சொல்லி வந்தேன்.

கல்லைக் கீழே வைத்தார். "ஊருக்கு முன்னாலை சொன்னனீங்கள். மன்னிப்பை மட்டும் மதிலுக்குப் பின்னாலை கேக்கிறீங்களோ?"

நியாயம். "ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னாலை கேப்பன். வருவீங்களோ?"

"அது எனக்குத் தெரியாது."

திரும்பிவர மனமில்லை. ஒரு மணித்தியாலம் கல் தூக்கிக் கொடுத்தேன். இரண்டு நகம் போயிற்று. அவர் வாங்கி அடுக்கினார். கடைசியில் செம்பில் தண்ணீர் தந்தார். உவர்ப்பு. குடித்தேன்.

14 ஜூலை, ஞாயிறு

மேடையில் ஏறவில்லை. கடதாசியும் இல்லை. சனம் இருக்கிற வாங்குகளுக்கு நடுவில் நின்றேன். அதே ஒன்பது பேர். செல்லத்துரை இல்லை. ஆனாலும் எல்லாம் சொன்னேன்: மேடை, வள்ளம், நான் போகாதது. "உங்களை மேய்க்க வந்தனான், உங்களை ஏசினது தான் மிச்சம். எனக்காக ஆராவது ஜெபியுங்கோ" என்று முழங்காலிட்டேன்.

பிறகு அன்னம்மா:

"ஆண்டவரே, இவர் கெட்ட மனிசன் இல்லை. கனக்கப் படிச்சுப் போட்டார், அவ்வளவுதான்."

யாரோ சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தோம். நான் அழுதுகொண்டே சிரித்தேன். இந்த ஆலயத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

வெளியே வந்தால், யன்னலுக்குக் கீழே செல்லத்துரையும் மனைவியும்.

"கேட்டது" என்றார். போய்விட்டார்.

17 ஜூலை, புதன்

கடும் வெயில். பொதுக்கிணறு வற்றிப்போய்ச் சேறு அள்ளுகிறார்கள். விடிய செல்லத்துரை வாசலில். "ஐயா, ஆள் காணாது, இன்னும் வேணும். இறங்குவீங்களோ?"

எட்டு மாதத்தின் பின் என் படலைக்கு வந்திருக்கிறார்! இறங்கினேன். இடுப்பளவு சேறு. வேதக்காரர், சைவக்காரர், எல்லாரும் ஒரே கயிற்றில். மேலே இருந்து ஒரு சைவக்காரப் பெரியவர்: "ஐயா, சும்மா நில்லாமல் ஒரு பாட்டுப் பாடுங்கோவன்." பாடினேன். கிணற்றுக்குள் என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. மத்தியானம் ஊற்றுக் கண் திறந்தது. நல்ல தண்ணீர். பெண்கள் கைதட்டினார்கள்.

இடுப்பில் நாரி நோ. நேசம் எண்ணெய் பூசிவிட்டாள். சந்தோஷம், சந்தோஷம்.

21 ஜூலை, ஞாயிறு

நாலு குடும்பமும் வந்தன. வேறு ஆட்களும். வாங்கு போதாமல் பாய் விரித்தார்கள். தலைகளை எண்ணத் தொடங்கினேன்; வெட்கப்பட்டு நிறுத்தினேன். பிரசங்கம் பத்து நிமிடம். எல்லாம் "நாம்".

திருவிருந்து. முதலாவதாகச் செல்லத்துரை முழங்காலிட்டுக் கை நீட்டினார். கல் உராய்ந்து வெடித்த உள்ளங்கை. அப்பத்தை வைத்தேன். சொல்லவேண்டிய வசனம் தொண்டையில் நின்றுவிட்டது.

"ஆறுதலாய், அவசரப்படாமல் சொல்லுங்கோ ஐயா" என்றார் மெல்ல. "நான் இனி எங்கையும் போகேல்லை."

சொன்னேன்.

ஆராதனை முடிந்து ஒரு மணித்தியாலம். சனம் இன்னும் கலையவில்லை, வெளியே நின்று பாடுகிறது. அன்னம்மா ஒரு பக்கம், செல்லத்துரை ஒரு பக்கம், இரண்டும் இரண்டு சுருதி. நேசம் கூப்பிடுகிறாள். போகிறேன்.