இல்லாத மாப்பிள்ளைக்காகத் தள்ளிவைக்கப்பட்ட சத்திரசிகிச்சை

அனுப்புநர்:
சுபாங்கி இராசரத்தினம்,
மல்வேர்ன், ஸ்காபரோ,
ரொறன்ரோ.

பெறுநர்:
நோயாளர் முறைப்பாட்டு அலுவலர்,
மேப்பிள்கிரெஸ்ற் பெண்கள் நல நிலையம்,
ஸ்காபரோ.

விடயம்: என்னைக் கேளாமல் எனது கருத்தடைச் சத்திரசிகிச்சைத் திகதி இரத்துச் செய்யப்பட்டமை.

மதிப்புக்குரிய அலுவலர் அம்மா அவர்களுக்கு,

1. நான் இருபத்தெட்டு வயதுடைய தாதி. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் பராமரிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். திருமணமாகவில்லை. இந்தக் கடைசி விடயமே தங்கள் நிலையத்தில் பெரிய நோயாகக் கருதப்படுவதால், அதை மறைக்காமல் முதலிலேயே அறியத்தருகிறேன்.

2. எனது இரு கருக்குழாய்களையும் அகற்றுவதற்கு வரும் நவம்பர் 14, வெள்ளிக்கிழமை எனத் திகதி தரப்பட்டிருந்தது. சத்திரசிகிச்சைக்கு முன் என்ன சாப்பிடலாம் என்று கேட்கச் சென்ற வாரம் தொலைபேசி எடுத்தேன். அந்தத் திகதி இரத்தாகிவிட்டதாகவும், "நோயாளியின் திருமணத்தின் பின்னர்" புதிய திகதி தரப்படும் என்றும் பணிவான குரலில் ஒருவர் சொன்னார். எனது திருமணம் எப்போது, யாரோடு என்று நானும் பணிவாகவே விசாரித்தேன். அந்த விபரம் தங்களிடமும் இல்லையாம்.

3. இந்தச் சிகிச்சையை நான் ஏன் கேட்டேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எனது பெரியம்மாவின் மகள் கஜனி அக்கா எல்லைக்குத் தெற்கே, கருக்கலைப்பு ஏறக்குறைய முற்றாகத் தடைசெய்யப்பட்ட ஒரு மாநிலத்தில் வாழ்கிறார். சென்ற ஆண்டு, கருவுற்ற ஐந்தாம் மாதத்தில் அவருக்குப் பனிக்குடம் உடைந்தது. பிள்ளை பிழைக்காது என்று வைத்தியர்களுக்கு உடனேயே தெரியும். ஆனால் இதயத்துடிப்பு இருக்கும்வரை கைவைக்க அவர்களுக்குப் பயம். சட்டத்தரணியிடம் கேட்டார்கள், மேலிடத்தில் கேட்டார்கள். கடைசியில் அக்காவின் இரத்தத்தில் கிருமி ஏறிய பிறகுதான் அவர் உயிர் ஆபத்தில் இருப்பது சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது. அக்கா பிழைத்தார். இப்போது மறுபடியும் கருவுற்றிருக்கிறார். பயத்தில் இரவில் நித்திரை கொள்வதில்லை. அவருக்குப் பக்கத்தில் நிற்பதற்காகவே அங்குள்ள மருத்துவமனை ஒன்றில் வேலை எடுத்திருக்கிறேன். ஜனவரி 5ஆம் திகதி அங்கே இருக்கவேண்டும்.

4. குழந்தை வேண்டுமா, வேண்டாமா என்று நான் முன்பு முடிவெடுத்திருக்கவில்லை. ஆறுதலாக யோசிக்கலாம் என்றிருந்தேன். யோசிப்பதற்கு என்னிடமிருந்த காலத்தை அந்த மாநிலம் எடுத்துக்கொண்டுவிட்டது. கருப்பையில் வைக்கும் லூப் வைத்துப் பார்த்தேன், எனது உடம்புக்கு ஒத்துவரவில்லை. அங்கே எனக்கு ஏதாவது தவறிப்போனால், எனது உயிரின் பெறுமதியைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு என்னை அழைக்கமாட்டார்கள். எனவே முடிவை இங்கேயே எடுத்துவிட்டுப் போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அலுவலர் அம்மா. அதை எழுத வெட்கமில்லை.

5. தங்கள் வைத்தியர் முதல் முறை "வயது போதாது" என்றார். இரண்டாம் முறை, வருங்காலக் கணவர் வருத்தப்படக்கூடும் என்றும், முடிந்தால் அவரை அழைத்துவரும்படியும் சொன்னார். அப்படியொருவர் இன்னும் வந்துசேரவில்லை என்றேன். மூன்றாம் முறை, கணவரின் சம்மதத்தை இந்த நாட்டுச் சட்டம் கேட்கவில்லையே என்று நினைவூட்டியதும் கையொப்பமிட்டார். ஒப்பிடுவதற்காகச் சொல்கிறேன்: எனது தம்பி மிதுனன், வயது இருபத்தைந்து, அவனும் திருமணமாகாதவன், கோடையில் வேறோர் இடத்தில் ஆண்களுக்கான கருத்தடையைச் செய்துகொண்டான். மத்தியானம் போனவன் பின்னேரம் சோபாவில் கிடந்து கிரிக்கெட் பார்த்தான். வருங்கால மனைவியை அவனிடம் எவரும் கேட்கவில்லை. கார் நிறுத்த இடம் கிடைத்ததா என்று மட்டும் கேட்டார்களாம்.

6. இனி, திகதி எப்படி இரத்தானது என்பதற்கு வருகிறேன். தங்கள் வரவேற்பு மேசையில் இருக்கும் புனிதவதி அன்ரி நல்ல மனம் கொண்டவர். இந்த முறைப்பாட்டின் சிக்கலே அதுதான். இம்மாத ஆரம்பத்தில் ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்காக மண்டபமொன்றுக்குப் போயிருந்த அவர், அங்கே எனது அம்மா தவமணியைச் சந்தித்தார். ஸ்காபரோவின் ரூஜ் பகுதியிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருப்பதாகவும், சாதகம் பொருந்துவதாகவும் அம்மா சந்தோசமாகச் சொல்லியிருக்கிறார். சத்திரசிகிச்சை பற்றி அம்மாவுக்கு அப்போது எதுவும் தெரியாது. நானே சொல்லவிருந்தேன். அன்ரி முந்திக்கொண்டார். "தவமணியக்கா, பிள்ளைப்பேறு வேண்டாமெண்டு உங்கட மகள் எங்களிட்டை ஒப்பிரேசனுக்கு வாறா. கலியாணம் முடியட்டும், நான் திகதியைத் தள்ளிவிடுறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ." ஒரு பெண் பிள்ளை பெறும் பருவத்துக்கு வந்ததை ஊர்கூடிக் கொண்டாடிய மண்டபத்தில், கேக் வெட்டுவதற்கு முன்னரே எனது மருத்துவ இரகசியம் இப்படி வெளியானது. திங்கட்கிழமை காலை, சொன்ன சொல்லையும் அன்ரி காப்பாற்றிவிட்டார்.

7. திகதி இரத்தானதை அறிந்த அன்றே அம்மாவிடம் கேட்டேன்; மண்டபத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கஜனிக்கு நடந்ததுக்காகவோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அக்கா மருத்துவமனையில் கிடந்தபோது இங்கிருந்து விமானம் ஏறிப் போய்ப் பக்கத்தில் இருந்தவர் அம்மாதான். அங்கே கண்டதை அதுவரை வீட்டில் எவருக்கும் சொன்னதில்லை. அன்றுதான் சொன்னார்: "பிள்ளை காய்ச்சலிலை நடுங்கிக்கொண்டு கிடந்தவள். அவங்கள் கதவுக்கு வெளியிலை நிண்டு கதைச்சுக்கொண்டு நிண்டவங்கள்." பிறகு தொலைபேசியை எடுத்து ரூஜ் வீட்டாருக்கு மன்னிப்புக் கேட்டார். அடுத்ததாகப் புனிதவதி அன்ரியை அழைத்து, "புனிதம், நீர் எடுத்த திகதியை நீரே திருப்பித் தாரும்" என்றார். அழித்த திகதியை மறுபடி போடத் தனக்கு அதிகாரமில்லை, முறைப்பாட்டு அலுவலர்தான் சொல்லவேண்டும் என்று அன்ரி அழுதாராம். அழிப்பதற்கு மட்டும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதைத் தாங்கள் விசாரித்தறிவீர்கள் என நம்புகிறேன்.

8. முறைப்பாடுகளை அவரவர் மொழியில் எழுதலாம் என்று தங்கள் சுவரில் எழுதியிருக்கிறது. நான் தமிழில் எழுதியதற்குக் காரணம், எனது அம்மா தானும் வாசித்துவிட்டுத்தான் இதில் கையொப்பமிடுவேன் என்றதே. தங்கள் நிலையத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரே என்பதையும் அறிவேன். ஆகவே, புனிதவதி அன்ரி, வணக்கம். ஆறாம் பந்தியையும் விடாமல் மொழிபெயர்த்துக் கொடுக்கவும்.

9. அலுவலர் அம்மா, எவரையும் வேலையிலிருந்து நீக்கும்படி நான் கேட்கவில்லை. எனது திகதியை மட்டும் கேட்கிறேன். நவம்பர் 14 கிடைக்காவிட்டால், டிசம்பர் நடுப்பகுதிக்குள் வேறொரு நாளைத் தந்து உதவவும். எல்லைக்கு அப்பால் எனது உடம்பைப் பற்றி முன்பின் அறியாதவர்கள் முடிவெடுக்கிறார்கள். இங்கே என்மேல் அன்புள்ளவர்கள் முடிவெடுக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் எனக்கும் ஒரு சிறிய இடம் ஒதுக்கித் தரும்படி மிகத் தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
சுபாங்கி இராசரத்தினம் (ஒப்பம்)

இடம்: ஸ்காபரோ
திகதி: 22 அக்டோபர் 2025

தாயாரின் குறிப்பு: மேலே உள்ளதை இரண்டு தரம் வாசித்தேன். மிதுனன் செய்த வேலையை இதில்தான் அறிந்தேன், அதை வீட்டில் பேசிக்கொள்கிறோம். பஞ்சாங்கம் பார்த்தேன், 14ஆம் திகதியில் குறை இல்லை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு மணிவரை இராகு காலம், அந்த நேரத்தை மட்டும் தவிர்க்கவும். வைத்தியர் கணவரைக் கேட்டபடியால், அந்த இடத்தில் நான் கையொப்பமிடுகிறேன். எனக்குப் பேரப்பிள்ளை ஆசை நிறைய இருக்கிறது. அதைவிட எனக்கு மகள் வேண்டும்.

தவமணி இராசரத்தினம் (ஒப்பம்)