இடுப்பில் கட்டிய துண்டு

மச்சான்,

எழுத்து கோணிக்கோணிப் போகிறது, பொறுத்துக்கொள். சேற்றில் நண்டு நடந்ததுபோல இருக்கிறது என்று பேத்தி சிரிக்கிறாள். சிரிக்கட்டும். இந்த வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது! ஒரு வரி முடிப்பதற்குள் வாயிலுள்ள வெற்றிலை கரைந்துவிடுகிறது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை.

இன்று முதியோர் வகுப்பில் டீச்சர், "மனசுல இருக்குற ஒரு வரிய எழுதுங்க தாத்தா" என்றார். மற்றவர்கள் சாமி பெயர் எழுதினார்கள். என் கை தமிழ் எழுத்தில் இதை எழுதியது: 'ஸ்டாப் த மோட்டார் ஃபர்ஸ்ட், சார்.' முதலில் மோட்டாரை நிறுத்துங்கள்.

கழக ஆட்சி வந்த புதிது. கூலி கேட்டுக் கொடி பிடித்தோம் என்று மிராசுதார் நம் இருவரையும் வயலில் இறங்கவிடவில்லை. மன்னார்குடியில் மில் வேலை பழக்கும் கொட்டகைக்குப் போனோம். வேலைக்கு வேண்டிய இங்கிலீஷும் அங்கே உண்டு. கைநாட்டுகளான நமக்கு வாத்தியார் வாயாலேயே சொல்லிக்கொடுத்தார். ஒருவன் நாற்காலியில் முதலாளியாக உட்கார வேண்டும், மற்றவன் எதிரே நின்று பேச வேண்டும். நான் உட்கார்ந்ததும், "டேய் மிராசு, ரொம்பக் கால ஆட்டாதடா, நாக்காலி உனக்குப் புதுசு!" என்றாய். கொட்டகையே சிரித்தது. பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வரியைச் சொன்னாய் பார், கடைத்தெருவுக்கே கேட்டிருக்கும்.

வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. "நெசமான மொதலாளி முன்னாடியும் துண்டு தோள்லயே இருக்கணும்ப்பா" என்றார்.

மெஷின் பழகிய ஆள் வேறு இல்லாததால் நமக்கு வேலை கிடைத்ததோ அதே மிராசுதாரின் நெல் மில்லில். ஒருநாள் பெல்ட் சக்கரத்தை விட்டு நழுவியது. அவர் வாசலில் வந்து நின்றார்.

"நிறுத்தாத. ஓடுறப்பவே தள்ளி விடுடா."

அப்பன் காலத்துப் பழக்கம். நீ துண்டை எடுத்து இடுப்பில் கட்டினாய். "சரிங்க ஆண்டே" என்றாய். சுவிட்ச் பக்கத்தில் நின்ற நானும் கட்டிக்கொண்டேன். அந்த வரி என் வாய் வரை வந்தது. நான் சொல்லவில்லை.

பெல்ட் உன் துண்டின் நுனியைப் பிடித்தது. தோளில் கிடந்திருந்தால் துண்டு மட்டும் போயிருக்கும். இடுப்பில் கட்டியிருந்ததால் உன்னையும் இழுத்துக்கொண்டது. நான் சுவிட்சை அணைத்தேன் மச்சான். அதற்குள் நீ இல்லை.

உன்னைத் தூக்கிப் போன அன்று என் தங்கச்சி, உன் பெண்டாட்டி, ஒன்றே ஒன்று கேட்டாள். "நீ பக்கத்துலதானண்ணே நின்ன?" அப்போது தலையைக் குனிந்தவன்தான். இத்தனை வருஷமாக அவள் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறேன், பதில் சொல்லவில்லை.

அன்றிலிருந்து யார் வந்தாலும் என் துண்டு தோளை விட்டு இறங்குவதில்லை. இறங்காமல் இருந்து என்ன, நீ வரவா போகிறாய்.

வாயால் சொல்ல முடியாததை இப்போது எழுதிவிட்டேன். நாளைக் காலையில் இந்தத் தாளை அவளுக்குப் படித்துக் காட்டப்போகிறேன். அவள் என்ன சொன்னாள் என்பதை அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாலும், அதையும் எழுதுகிறேன்.