கொடுக்க முடியாத ரத்தம்

இசைக்கு,

போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். கால் வீக்கம் குறைந்ததா? சேத்தியாத்தோப்பிலும் மழைதானா?

நேற்று என்னோடு வேலை பார்க்கும் நெடுமாறன் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டான். அவன் தங்கைக்குப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டதாம். ஓ நெகட்டிவ். எங்கள் ரத்ததானக் குழுவில் அந்த வகை எனக்கு மட்டும்தான் என்பது பிளாக் முழுக்கத் தெரியும். காய்ச்சல் என்று சொன்னேன். அவன் என் கையைத் தொட்டுப் பார்த்தான்.

"ஊருக்கெல்லாம் ஓடுவியே. என் தங்கச்சி கண்ண மூடிகினு கெடக்கறா, இப்பத்தான் உனக்குக் காய்ச்சல் வருதா?"

சிதம்பரத்திலிருந்து யாரோ வந்து கொடுத்து அவள் பிழைத்துவிட்டாள். இன்று ஷிப்ட் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. காரணத்தைச் சொல்லலாம். சொன்னால் என் டிபனை யாரும் தொட மாட்டார்கள், கான்ட்ராக்டர் வேலையை விட்டே நிறுத்திவிடுவார்.

போன முகாமில் நான் கொடுத்த ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருந்ததாம். எப்படி வந்தது என்று தெரியவில்லை, இசை. நீ நினைக்கக்கூடிய எதையும் நான் செய்யவில்லை.

டாக்டரிடம் மட்டும் சொல்லி, நீயும் பரிசோதனை செய்துகொள். பிள்ளை பிறந்த அன்றே அதற்குத் தடுப்பூசி போட வேண்டும். கேட்டு வாங்கிப் போடு.

பிள்ளையைத் தூக்கினால் தொற்றாது என்று இங்கே டாக்டர் சொன்னார். வெளியே வந்த பிறகு, திரும்ப உள்ளே போய் அதையே இன்னொரு முறை கேட்டேன்.

உன் வீட்டுக்காரன்