உனக்காக அப்பா வெட்டிய பள்ளம்

விருத்தாசலம்
19-4-1973

அன்பு மகன் உலகநாதனுக்கு அம்மா சிந்தாமணி எழுதுவது. பழமலைநாதர் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுது, நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கையாக இல்லை. கன்னத்து எலும்பு தெரிகிறது. நீ ஆராய்ச்சி செய்கிற அந்த மண்ணுப்பூச்சிகள் பனிக்காலத்துக்கு முன்னால் வயிற்றைக் காலி பண்ணிக்கொண்டு பட்டினி கிடக்கும், வயிற்றில் ஒரு துணுக்கு இரை இருந்தாலும் அதைச் சுற்றித்தான் உடம்பு உறைய ஆரம்பிக்கும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய், அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே கவலை, நீயும் அவற்றைப் பார்த்து அப்படிக் கிடக்கிறாயோ என்று. அது பூச்சி, நீ நான் பெற்ற பிள்ளை. அதற்கு ஊறுகிற மாதிரி உனக்கு உடம்பில் சர்க்கரைப் பாகு ஊறிக் குளிரில் உறையாமல் நிற்காது, சோறு தின்றால்தான் நிற்கும். ஆண்டாள் அத்தை கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய் இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா?

இப்போது உன் அப்பா சங்கதிக்கு வருகிறேன், எல்லாம் உன்னால் வந்தது. படிப்பு முடிந்தது, கனடாவிலேயே வேலை தரக் கூப்பிடுகிறார்கள், மே மாதம் ஊருக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று எழுதினாயே, அதோடு நிறுத்தியிருக்கலாம். குளிருக்குப் பழகின பூச்சியைத் திடீரென்று வெயிலில் விட்டால் செத்துவிடும், நானும் இப்போது அந்த மாதிரிதான், நம் ஊர்க் கத்திரி வெயிலில் பிழைப்பேனா தெரியவில்லை என்றும் எழுதிவிட்டாய். நீ விளையாட்டுக்கு எழுதினாய் என்று எனக்குப் புரிந்தது. அவருக்குப் புரியவில்லை. பீங்கான் கம்பெனியில் சூளை பார்க்கிற மனிதர் அல்லவா, சூட்டை மெள்ள ஏற்று, மெள்ள இறக்கு, அவசரப்பட்டால் சாமான் விரிசல் விடும் என்பதுதான் அவருக்கு வேதம். கடிதத்தை மடித்து வைத்தார், பையனை மெள்ளத்தான் சூடேத்தணும் என்றார், அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

முதலில் பூச்சியை வைத்துப் பார்க்கிறேன் என்று கிணற்றடி ஈர மண்ணை ஒரு பிஸ்கட் டப்பாவில் அள்ளினார். நீ சொன்ன துள்ளுகிற வெள்ளைப் பூச்சி நம் கிணற்றடியிலும் இருக்கிறது, எள்ளில் பாதிகூட இல்லை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். அந்த டப்பாவைக் கம்பெனிக்கு எடுத்துப் போய்ச் சூளைக்குத் தள்ளி வைத்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் நகர்த்தினாராம். மேஸ்திரி கோதண்டபாணி, என்னா ரத்தினவேலு, மண்ணையே பலகாரமா சுடுறியா என்று கேட்டிருக்கிறார். எம்மவன் வரான், அதுக்குத்தான் என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார், அதற்கு மேல் அவர் என்ன கேட்பார்? கடைசியில் மேல் மண் காய்ந்து பொடியாகிவிட்டது, ஒரு பூச்சியும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை, பையன் தாங்க மாட்டான் போலிருக்குது என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. டப்பாவைப் பிடுங்கி முற்றத்தில் கொட்டினேன். அடி மண் ஈரம் குறையாமல் இருந்தது, அதற்குள் அத்தனையும் உயிரோடு துள்ளின! உன் அப்பா மண்டிபோட்டுக் குனிந்து பார்த்துவிட்டு, சூட்டைத் தாங்கிக்கல புள்ள, கீழ போயி ஒதுங்கிக்கிச்சிங்க என்று கத்தினார். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை ஏதோ பாம்புதான் வந்துவிட்டது என்று கம்போடு ஓடி வந்தாள்.

மறுநாளே மண்வெட்டியை எடுத்துவிட்டார். முருங்கை மரத்துக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றால் தலை தெரியாத ஆழத்துக்கு வெட்டியாயிற்று. பையனுக்குக் குழி வெட்டுறேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், வாயில் அடிக்காத குறையாகச் சொல்லிப் பள்ளம் என்று மாற்றச் செய்தேன். பக்கச் சுவருக்குக் களிமண் பூசி, மேலே மூங்கில் போட்டு நனைந்த சாக்கு விரித்து, இறங்க ஏணி, உள்ளே கயிற்றுக் கட்டில், தலைமாட்டில் தண்ணீர்ப் பானை. தெருவில் சிலர் புதையல் என்கிறார்கள், சிலர் புதுச் சூளை என்கிறார்கள். பாஞ்சாலையின் ஆடு உள்ளே விழுந்து, அடி ஒன்றும் படவில்லை, குளிர்ச்சியைக் கண்டுவிட்டு ஏறி வர மறுக்கிறது. அவள் தினம் வந்து, எங்கூட்டு ஆட்டைக் குடுங்க என்று சண்டை போடுகிறாள், இவரோ, இருக்கட்டும், நல்லாத்தானே இருக்குது, பையனுக்கு முன்னாடி ஒண்ணு இருந்து பாக்கட்டும் என்கிறார். தழையும் இவரே ஒடித்துப் போடுகிறார்.

நீ வரும் வழியையும் அவரே முடிவு செய்துவிட்டார். நேரே வரக் கூடாதாம். பெங்களூரில் சில நாள், சேலத்தில் சில நாள் தங்கி ஆறி அமர்ந்து வர வேண்டுமாம். ஜங்ஷனில் இறங்கியதும் கம்பெனியில் களிமண் காயாமல் மூடுவதுபோல் ஈரச் சாக்கால் உன்னை மூடி மாட்டு வண்டியில் கொண்டு வருவாராம். முதல் நாள் யாரும் உன்னைத் தொடக் கூடாது என்று எனக்கும் சேர்த்துக் கட்டளை. நான் தொடுவேன். விரிசல் விட்டால் விடட்டும்.

உலகநாதா, சிரித்துச் சிரித்துத்தான் இவ்வளவும் எழுதினேன். ஆனால் நேற்று மத்தியானம் அவரைக் காணாமல் தேடிப் போனால், பள்ளத்துக்குள் உன் கட்டிலில் படுத்திருந்தார், ஆடு கால்மாட்டில். வெயில் கொளுத்துகிற நேரம். இங்க ஒண்ணுமே தெரியல புள்ள, வெயிலுக்குப் பயந்து அவன் வராம இருக்க வேண்டாம் என்று சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவரை அதட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். நீ வெயிலுக்குப் பயந்து யோசிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். வரவேண்டும் என்று நினைக்கிறவன் இத்தனை கடிதத்தில் ஒரு தடவையாவது தேதி எழுதியிருப்பான். உன்மேல் கோபம் இல்லை. அங்கே நன்றாக இருக்கிறது என்றால் இரு, நாங்கள் எங்கள் பாட்டுக்கு இருப்போம். உன்னைப் பார்க்காமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது, அதை எழுதாமல் விட முடியவில்லை.

இந்த நீலக் காகிதத்தில் இடம் தீர்கிறது. நோய் நொடி இல்லாமல், நல்ல சாப்பாடும் நல்ல மனுஷர்களும் கிடைத்து நீ நீண்ட காலம் இருக்க வேண்டும், அம்மாவும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். எண்ணெய் தேய்த்துக் குளி. ஒன்று மட்டும் மறக்காதே. வருவதானால் அப்பாவுக்கு எழுது, தெருவெல்லாம் படித்துக் காட்டுவார். வரவில்லை என்றால் என் பேருக்கு எழுது. அந்தப் பள்ளத்தில் வாழைக்கன்று வைக்கலாம் என்று எனக்கே தோன்றியதுபோல் அவரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
ர. சிந்தாமணி