கடைசியாக வந்தவர்கள்

2010 ஜூன் 14, திங்கள்

ஜூன் பாதி முடிந்துவிட்டது, இன்னும் மழை. இந்த ஓரிகன்காரர்கள் குடை பிடிப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள் போலிருக்கிறது. நனைந்துகொண்டே நடக்கிறார்கள்.

எல்டன் ரயில் பணிமனைக்குப் போய்விட்டான். ஓஹையோவில் அவனுடைய பணிமனையை மூடியபோது, இங்கே வா என்று கம்பெனியே கூப்பிட்டது. என்னை யார் கூப்பிட்டார்கள்? புருஷனுக்கு மாற்றல் என்றால் பெண்டாட்டிக்கு ராஜினாமா. பதினாறு வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்தவளை இந்த மாநிலத்தில் மறுபடி பரீட்சை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பக்கத்தில் இருந்த பெண், கல்லூரியிலிருந்து நேராக வந்தவள், "உங்களுக்கும் இதுதான் மொதல் தடவையா?" என்று கேட்டாள். சிரிப்பு வந்தது. எரிச்சலும்தான்.

ஜூன் 22, செவ்வாய்

முதல் நேர்காணல். வெளியே நடைகூடத்தில் பச்சை டை கட்டிய நெட்டை ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். லமார் ஆஸ்ட்ரோ. நெவாடாவில் வாத்தியாராக இருந்தாராம்; ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே தங்கை வீட்டு மாடியில் தங்கி வேலை தேடுகிறார்.

"இருக்கறது ஒரே வேலை. உங்களுக்குக் கெடைக்கணும்னு வேண்டிக்கவா, எனக்குன்னு வேண்டிக்கவா?" என்றார்.

"உங்களுக்கே வேண்டிக்குங்க. என்னை நான் பாத்துக்கறேன்."

என்ன திமிர் எனக்கு!

ஜூலை 1, வியாழன்

வேறு ஊர், வேறு பள்ளி. அதே பச்சை டை.

"நெவாடா, என்னைத் துரத்திக்கிட்டு வர்றீங்களா?"

"நீங்கதான், ஓஹையோ, எனக்கு முன்னாடி ஓடிவந்து எடம் போட்டு வெக்கறீங்க."

நேர்காணல் முடிந்ததும் எதிர்க் கடையில் டோனட் வாங்கிக் கொடுத்தார். போட்டியாளன் வாங்கிக் கொடுத்ததைத் தின்னலாமா? தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 9, வெள்ளி

கிடைக்கவில்லை. எனக்கு மட்டுமல்ல, யாருக்குமே. நிதி இல்லை என்று அந்த இடத்தையே எடுத்துவிட்டார்களாம்.

ஜூலை 20, செவ்வாய்

இருப்புக் கொள்ளவில்லை. சமையலறை அலமாரியைக் காலி செய்தேன், துடைத்தேன், திரும்ப அடுக்கினேன். மத்தியானம் மறுபடி காலி செய்தேன். சாயங்காலம் எல்டன் வந்து, "அட, பளிச்னு இருக்கே" என்றதுதான் தாமதம், பிடித்துக்கொண்டேன்.

"பளிச்னுதான் இருக்கும். வேற என்ன வேலை எனக்கு?"

"நான் என்ன மார்ஜி சொல்லிட்டேன் இப்ப?"

"நீ ஒண்ணும் சொல்லல. கேள்வி கேக்காம உன் பின்னாடியே வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவன் சாப்பிடாமல் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து நானே மக்ரோனியைத் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியில் மழை அடிக்க இரண்டு பேரும் காரிலேயே சாப்பிட்டோம். "கெடைக்கலேன்னா ஊருக்கே திரும்பிடலாம்" என்றான். திரும்பி எங்கே போவது? அவனுக்கு அங்கே பணிமனை இல்லை. என் வகுப்பறையில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வகுப்பு வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். வகுப்பு இல்லாமல் நான் யாரென்றே தெரியவில்லை.

ஆகஸ்ட் 12, வியாழன்

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது!

திருமதி ஹெல்விக் என்று ஒரு தலைமையாசிரியை. அவர் பள்ளியில் அறிவியல் ஆசிரியர்கள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். எட்டாம் வகுப்புக்கு நான், ஏழாம் வகுப்புக்கு — வேறு யார், பச்சை டைதான். இன்று மாலை கல்விக் குழுக் கூட்டத்தில் எங்கள் இரண்டு பெயரையும், பள்ளிப் பேருந்துகளுக்கு டயர் வாங்குவதையும் ஒரே மூச்சில் படித்து, ஒரே தடவையாகக் கை தூக்கினார்கள்.

லமார் காதருகே வந்து, "டயருக்குத்தான் கை தூக்கினாங்க ஓஹையோ. நாம சும்மா அதுல ஒட்டிக்கிட்டோம்" என்றார்.

எல்டன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். இடுப்புப் பிடித்துக்கொண்டது, அவனுக்கு.

நவம்பர் 3, புதன்

நேற்றுத் தேர்தல். பள்ளிக்கூட வரியைக் கொஞ்சம் கூட்டலாமா என்று ஊராரைக் கேட்டிருந்தார்கள். ஊரார் கூடாது என்றுவிட்டார்கள். காலையில் என் கார் கிளம்பவில்லை. பக்கத்து வீட்டு ஹரால்ட் மழையில் முக்கி முக்கித் தள்ளிக் கொடுத்தார். தள்ளிக்கொண்டே, "நான் வேண்டாம்னுதான் ஓட்டுப் போட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். எப்படி எடுத்துக்கொள்வது?

2011 பிப்ரவரி 9, புதன்

ஆசிரியர் அறையில் வேறு பேச்சே இல்லை. வரிப் பணம் இல்லாததால் யாரை வீட்டுக்கு அனுப்புவார்கள், எத்தனை பேரை? கடைசியாக வந்தவர் முதலில் போவார். அதுதான் விதி. ஓஹையோவில் இந்த விதி எனக்குக் குடையாக இருந்தது, இங்கே குடைக்கு வெளியே நிற்கிறேன். நான் அறைக்குள் போனால் பேச்சு நின்று, மழையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள். லமார் மட்டும் அப்படி இல்லை. "என்னடி ஓஹையோ, இன்னும் இருக்கியா?" என்று தினமும் கேட்கிறான். மரியாதையெல்லாம் கிறிஸ்துமஸோடு போயிற்று, இரண்டு பக்கமும்.

ஏப்ரல் 6, புதன்

ஹெல்விக் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றுகொண்டே பேசினார். அறிவியலில் ஒரு இடம் போகிறது. கடைசியாக வந்தது நாங்கள் இரண்டு பேரும். ஒரே கூட்டம், ஒரே கை தூக்கல். யார் மூத்தவர்?

"அதுக்கும் ஆசிரியர் சங்க ஒப்பந்தத்துல வழி இருக்கு. ஒரே நாள்ல சேந்தவங்கன்னா சீட்டு எடுக்கணும். பெரிய சீட்டு வந்தவங்க இருப்பாங்க" என்றார்.

சீட்டுக்கட்டா? பாடம் எடுத்த விதம், பரீட்சை, பதினாறு வருடம் — ஒன்றுக்கும் வேலையில்லை, சீட்டுக்கட்டு!

லமார் வெளியே வந்து, "நான் நெவாடாக்காரன். சீட்டுல தோத்தேன்னா எங்க ஊர்ல உள்ளயே விட மாட்டாங்க" என்றான். பச்சை டையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். பார்க்காததுபோல் நடந்தேன்.

ஏப்ரல் 8, வெள்ளி

நூலகத்தில் வைத்து எடுத்தோம். சங்கத்திலிருந்து டெனிஸ் என்ற அம்மாள் புதுக் கட்டு கொண்டுவந்து, எங்கள் கண் முன்னால் உறையைப் பிரித்துக் கலைத்தார். அகர வரிசைப்படி ஆஸ்ட்ரோ முதலில்.

ஏழு.

எனக்கு உள்ளுக்குள் என்ன ஓடியது என்று இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். ஏழுதானே, சின்னதுதானே, தாண்டிவிடலாம் என்று ஓடியது. அவனுக்காக ஒரு நொடிகூட வருத்தப்படவில்லை. கையை நீட்டி எடுத்தேன். எட்டு.

ஹெல்விக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லமார்தான் முதலில் பேசினான். "ஒரே ஒரு புள்ளி. இதுக்கு நீ ராஜாவையே எடுத்துத் தொலைச்சிருக்கலாம், எனக்கு மனசு ஆறியிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கைகொடுத்தான்.

வீட்டுக்கு வந்து எல்டனிடம், "ஜெயிச்சுட்டேன்" என்றேன். சொன்னவுடன் அழுகை வந்துவிட்டது. அவன் வாழ்த்துச் சொல்வதா ஆறுதல் சொல்வதா என்று தெரியாமல் முதுகைத் தடவிக்கொண்டே நின்றான்.

ஏப்ரல் 11, திங்கள்

லமார் இன்றும் வந்தான். ஜூன் வரை அவனுக்கு வகுப்பு உண்டு. முழுசாக எடுக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் இந்தப் பக்கம் தப்புத் தப்பாகப் பலகையில் எழுதுகிறேன்.

ஜூன் 17, வெள்ளி

கடைசி நாள். லமாருக்கு ஐடஹோவில் இரண்டு நேர்காணல் இருக்கிறது. மறுபடி புது மாநிலம், மறுபடி பரீட்சை. பொருள்களைக் காரில் ஏற்ற உதவினேன்.

"அங்க நடைகூடத்துல நீ வந்து உக்காந்திருந்தேன்னா, நடக்கறதே வேற" என்றான்.

"வர மாட்டேன் நெவாடா. சத்தியமா வர மாட்டேன்."

"வந்தா டோனட் நீ வாங்கணும்."

கார் திரும்பும் வரை சிரித்துக்கொண்டே நின்றேன். பிறகு என்னால் முடியவில்லை.

செப்டம்பர் 7, புதன்

பள்ளி திறந்து இரண்டாம் நாள். ஒரு வகுப்பு கிடைக்காதா என்று அலைந்தவளுக்கு ஏழு, எட்டு என்று இரண்டு வகுப்பு ஒன்றாகக் கிடைத்திருக்கிறது. நாற்காலி போதவில்லை, நாலு பேர் ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாதிப் பேர் போன வருடம் லமாரிடம் படித்தவர்கள்.

வருகை எடுத்து முடித்ததும் முன் வரிசையில் தாலியா என்ற பெண் கை தூக்கினாள்.

"ஆஸ்ட்ரோ சார் எங்க மிஸ்?"

"ஐடஹோ போயிட்டாரு."

"அதுக்கு முந்தின வருஷம் ஓவிய மிஸ் போனாங்க. அப்புறம் லைப்ரரி மிஸ்." விரல் விட்டு எண்ணினாள். "நீங்க எப்பப் போவீங்க?"

குத்திக்காட்டவில்லை அந்தப் பிள்ளை. மத்தியானச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். வகுப்பு முழுக்க என்னையே பார்த்தது. போகவே மாட்டேன் என்று வாய் வரை வந்தது. ஏப்ரலில் என்ன சொல்வார்களோ, எனக்கு எப்படித் தெரியும்?

"ஜூன் வரைக்கும் இருப்பேன்" என்றேன்.

தாலியா திரும்பி, ஜன்னல் பக்கம் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி, "ஜூன் வரைக்குமாம்" என்றாள். அவர்கள் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் திறந்தார்கள்.